மழையில்லாத இரவில் ஒழுகும் வீடு

தை மாதத்து இரவொன்றில் மஸ்கெலியாவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்கள் நல்லதண்ணிப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. வானத்தில் மேகம் ஒரு துண்டு இல்லை. நட்சத்திரங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றன. விடியற்காலை நான்கு மணியிருக்கும், நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"எழும்பிட்டியா தம்பி? அந்தப் பக்கமா தள்ளிப் படு. நம்ம வீடு ராத்திரியில வேர்க்கும்" என்றார் சித்தி, போர்வைக்குள் இருந்தபடியே.

லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. மகன் கொழும்பில் கடை வேலை. அனுப்புகிற காசில் வீட்டுக்குள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். வெள்ளைவெளேரென்ற பிவிசி பெனல் சீலிங், அதில் வட்ட வட்டமாக எல்இடி விளக்குகள், தரையில் பளபளக்கும் டைல்ஸ், டிவி இருக்கிற சுவரில் செங்கல் மாதிரித் தெரியும் ஸ்டிக்கர், மற்றச் சுவரில் அடர்ந்த பழுப்பு நிறம், சமையலறையில் பென்ட்ரி கபட். கைப்பேசியில் படம் பார்த்து, அதேபோல் வேண்டுமென்று மேசன் பாஸிடம் சொல்லிச் செய்வித்தது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது, சொட்டைத் தவிர. கூரையில் ஓட்டை என்று நினைத்து பாஸ் இரண்டு தடவை ஏறி, ஆணி அடித்த இடங்களையெல்லாம் பசை பூசி அடைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சொட்டு கூடியிருக்கிறது.

கூரையில் ஓட்டை இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு ஒழுகியிருக்காது.

காற்று, கண்ணுக்குத் தெரியாத நீராவியைச் சுமந்துகொண்டு திரிகிறது. எவ்வளவு சுமக்க முடியும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீற்றர் காற்று 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 15 பாகையில் 13 கிராமுக்கும் குறைவு. 10 பாகைக்கு இறங்கினால் ஒன்பதரை கிராம்தான். சுமக்க முடியாததைக் காற்று எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அறையில் எந்தப் பொருள் மிகக் குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மேல்தான் இறக்கும்.

சித்தி வீட்டில் அந்தக் குளிர்ந்த பொருள் கூரைத்தகடு. மேகமில்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோலக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். தெளிந்த வானம் அப்படித் தராது. அதனால் தகடு, சுற்றியிருக்கும் காற்றைவிடவே சில பாகைகள் குளிர்ந்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்தில் காலையில் பனித்துளி நிற்பதும் இப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவு சமையல் முடிந்த நேரத்தில் வீட்டுக்குள் 22 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றரில் பதினான்கரை கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று 12 பாகைக்குக் குளிர்ந்த தகட்டைத் தொட்டால் பத்தரை கிராமுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மிச்சம் நான்கு கிராமும் தண்ணீர். 550 சதுர அடி வீட்டில் 140 கன மீற்றர் அளவுக்குக் காற்று இருக்கும். ஆக, அரை லீற்றருக்கு மேல் தண்ணீர், யாரும் ஊற்றாமலே.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. நான்கு பேர் எட்டு மணி நேரம் உறங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக வெளியேறும் நீர் ஒரு லீற்றர் அளவுக்கு வரும். பிறகு காஸ் அடுப்பு. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் ஐதரசன் நிறைய. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து எரியும்போது தண்ணீராகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் 1.6 கிலோ நீராவி. நாம் காசு கொடுத்துத் தூக்கி வருவது 12.5 கிலோ சிலிண்டர். அது முடிகிறபோது சமையலறைக்குள் விட்டிருப்பது ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீர். சோற்றுப்பானையில் கொதித்துப் போனது இதில் சேராது.

இதைச் சொன்னபோது சித்தி நம்பவில்லை. "நெருப்புக்குள்ள தண்ணியா?" என்றார். குளிர்ந்த சட்டியொன்றைக் காஸ் அடுப்பின் மேல் வைத்து, முதல் அரை நிமிடம் அதன் வெளிப்பக்கம் எப்படி மங்குகிறது என்று காட்டினேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

லயத்தில் இருந்தபோது வீடு இப்படி வேர்த்ததா? வேர்த்தது. தகரத்தில் நீர் கோத்து நின்றதை அங்கு பிறந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த ஈரம் போவதற்கு ஆயிரம் வழி இருந்தது. முதலில் கோப்பிக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்ட பிறகு தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் கட்டிக்கொடுத்தது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள். முன்னால் ஓர் இஸ்தோப்பு. காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் பல லயங்களில் கூரை வரை போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் இடைவெளி. உள்ளே மிலாறு எரியும் அடுப்பு, அதற்கு மேல் விறகு காய்கிற பரண். கவ்வாத்து வெட்டிய மிலாறு ஒரு கிலோ எரிந்தாலும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் நீராவி வரும்தான். ஆனால் அதோடு எழும் சூடு காற்றை மேலே தள்ளும், இடைவெளிகள் வழியாக அது வெளியேறும், கதவிடுக்கால் புதுக்காற்று உள்ளே வரும். சுவரும் கூரைச் சட்டங்களும் புகையில் கறுத்தாலும் காய்ந்து கிடந்தன.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலமே நல்லது" என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அந்தப் புகைதான் எங்கள் பாட்டிமாரின் மார்பில் சளியாகக் கட்டியது, கண்ணில் நீராக வடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். புகை போனது நல்லது. ஆனால் அது போனபோது, வீட்டை உலர்த்திய சூடும் காற்றோட்டமும் கூடவே போய்விட்டன. அந்த வேலையைப் புது வீட்டில் யாரும் எதற்கும் ஒப்படைக்கவில்லை. உள் அலங்காரத்தில் இன்று ஓடுகிற மோஸ்தர்களைப் பார்த்தால், பெரும்பாலானவை இருந்த ஓட்டைகளையும் அடைப்பவை.

முதலாவது சீலிங். குளிருக்கு இதம், தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தைக் குறைக்கும், அறை பளிச்சென்றிருக்கும். மூன்றும் உண்மை. தென்மேற்குப் பருவமழை வைகாசியில் தொடங்கினால் மாதக்கணக்கில் தகரத்தில் பறை அடிக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. ஆனால் சீலிங் போட்டதும் கூரைக்கும் பெனலுக்கும் நடுவே ஒரு மூடிய அறை உண்டாகிறது. வீட்டுச் சூடு அங்கே போவதில்லை, ஆகவே தகடு முன்பைவிடக் குளிர்கிறது. நீராவி மட்டும் போகிறது, விளக்குக்காக வெட்டிய துளை வழியாக, சுவரோர இடுக்கு வழியாக. எலியும் வௌவாலும் வராமலிருக்க இறவாணத்தை அடைத்துவிட்டால், போன ஆவிக்கு வெளியேறும் வழியும் கிடையாது. தகட்டில் கோத்த துளிகள் பெனலில் விழுந்து, சரிவு பார்த்து ஓடி, விளக்குத் துளையில் இறங்குகின்றன. என் நெற்றி அதற்கு நேர் கீழே இருந்தது. பாஸ் ஆணித்துளைகளை அடைத்தபோது அந்தக் கூரைவெளிக்கு மிஞ்சியிருந்த சின்ன மூச்சும் நின்றுபோனது.

மருந்து எளிது. இறவாணத்தில் எதிரெதிராகத் துவாரங்கள் விட்டு, எலிக்குப் பயந்தால் கம்பிவலை அடிக்க வேண்டும். விளக்குத் துளைகளின் விளிம்பை அடைக்க வேண்டும். புதிதாகக் கூரை போடுகிறவர்கள் தகட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத்தாளை விரித்தால் இன்னும் நல்லது. நுரைக்குள் சிறைப்பட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அசையாத காற்றைவிட வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள் வீடு கட்டுகிற கடையில் அநேகமாகக் கிடைக்காது. உருக்குத் தகடு அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும்.

கூரை என்று வந்தபின் அஸ்பெஸ்டஸ் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்தக் கதையில் தேயிலையும் வருகிறது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. இலங்கை அரசு 2018இலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸைப் பெருமளவில் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் வண்டு கண்டோமென்று இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்தியது. இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டா என்று வாசகரே ஊகிக்கலாம். நமக்கு வேண்டிய விடயம் இது: பழைய அஸ்பெஸ்டஸ் கூரை சும்மா கிடக்கும்போது தருகிற ஆபத்தைவிட, சீலிங் சட்டம் தொங்கவிடுவதற்காக அதைத் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கிற தூசு பல மடங்கு ஆபத்து. தொட வேண்டி வந்தால் நனைத்துவிட்டுத் தொடுங்கள். கூட்டுமாறால் உலரப் பெருக்காதீர்கள்.

அடுத்தது தரை. மண்தரையில் சாணி மெழுகிய காலம் போய், சிவப்புச் சிமெந்து வந்து, அதுவும் போய் இப்போது டைல்ஸ். இன்னும் வசதி உள்ளவர்கள் டைட்டேனியம் தரை என்கிறார்கள். பெயரில்தான் டைட்டேனியம், விஷயம் மெருகேற்றிய சிமெந்துப் பூச்சுதான். கழுவ இலகு, பார்க்க அழகு. ஆனால் சித்தி காலை எழுந்ததும் பாதத்தைத் தரையில் வைக்காமல், செருப்பைக் காலால் துழாவுகிறார். "டைல்ஸ் போட்டதிலயிருந்து தரை ஐஸாயிருச்சு" என்பது அவருடைய முறைப்பாடு.

உண்மையில் டைல் முந்தைய தரையைவிடக் குளிர்ந்ததல்ல. இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த டைலும் பாயும் மரக்கதிரையும் விடியற்காலையில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். நம் பாதம் வெப்பமானி அல்ல. தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. அடர்த்தியும் வெப்பக் கடத்தலும் கூடிய டைல் சூட்டை விழுங்கிக்கொண்டே போகும். மரம் மேற்பரப்பில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நின்றுவிடும். 30 பாகைப் பாதம் 16 பாகை டைலைத் தொட்டால், தொடும் இடத்தின் வெப்பநிலை அந்தக் கணத்தில் 21, 22 பாகைக்குப் போய்விடும். அதே 16 பாகை மரப்பலகையைத் தொட்டால் 26 பாகைக்கு மேல் நிற்கும். வித்தியாசம் ஐந்து பாகை. கொழும்பின் 30 பாகை வெக்கையில் இந்தச் சூடு விழுங்கும் குணம் வரம். அங்கிருந்து வந்த மோஸ்தர் அது. இங்கே படுக்கையருகில் ஒரு கயிற்று விரிப்போ பாயோ போட்டால் போதும், டைலைப் பெயர்க்க வேண்டியதில்லை. வாங்கப் போகிறவர்கள் மினுங்காத, சொரசொரப்பான டைல்ஸை எடுங்கள். ஈரக்காற்று திடீரென்று அடிக்கும் நாள்களில் குளிர்ந்த டைலும் வேர்க்கும், வழுக்கும்.

கொழும்பு என்றதும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நினைவுக்கு வருகிறார் (1919–2003). சுவரைக் குறைத்து, முற்றத்தை உள்ளே கொண்டுவந்து, காற்றும் மழையும் மரமும் வீட்டுக்குள் நடமாடும்படி கட்டிய மேதை. தம்புள்ளைப் பக்கத்துக் கந்தளமை ஹோட்டலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் பாணியில் என்று சொல்லி இப்போது மலைநாட்டிலும் சில பணக்கார வீடுகள் எழும்புகின்றன. பாவா கட்டிய இடத்தின் வெயிலையும் காற்றையும் பார்த்துக் கட்டினார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையைத்தான், திறந்த சுவரை அல்ல. விடியற்காலை 13 பாகையில் முற்றத்து வீட்டில் தேநீர் குடித்துப் பாருங்கள்.

சுவருக்கு வருவோம், இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. உலகச் சந்தையின் நிறங்களுக்கு நாள் குறிக்கும் பேன்டோன் நிறுவனம் 2025க்குத் தேர்ந்தெடுத்த நிறத்தின் பெயர் மோக்கா மூஸ், ஒருவகைக் கோப்பிப் பழுப்பு. கோப்பிச் செடிகள் 1869இல் தொடங்கிய இலைத்துரு நோயில் அழிந்து தேயிலை மூடிய மலையில், நூற்றைம்பது வருடம் கழித்து சுவர் வழியாகக் கோப்பி திரும்பி வந்திருக்கிறது. அடர்ந்த நிறம் அறையைக் கதகதப்பாக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். மனசுக்கு அப்படித் தோன்றலாம், உடம்புக்குக் கிடையாது. வீட்டுச் சுவரின் சூடு போவதும் வருவதும் அகச்சிவப்புக் கதிரில். அந்தக் கதிருக்கு வெள்ளைப் பெயின்றும் பழுப்புப் பெயின்றும் ஏறக்குறைய ஒன்றே.

வெளிச்சத்தில்தான் நிறம் தன் கணக்கைக் காட்டுகிறது. வெள்ளையடித்த சுவர் தன் மேல் விழும் ஒளியில் 80 வீதத்தைத் திருப்பி அனுப்பும். அது எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி 80 வீதம் திரும்பும். இப்படிப் பட்டுப் பட்டு, ஒரு விளக்கின் ஒளி அறைக்குள் ஐந்து மடங்கு வேலை செய்கிறது. 30 வீதம் திருப்பும் அடர்நிறச் சுவர்களுக்குள் அதே விளக்கு ஒன்றரை மடங்குகூடத் தேறாது. எல்லாப் பக்கமும் ஒரே நிறமென்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. அலுமாரி, கதவு, திரைச்சீலை எல்லாம் சேர்ந்தால் இலக்கம் மாறும், திசை மாறாது. மூடுபனி இறங்கி மூன்று மணிக்கே இருட்டுகிற ஊரில், சின்னதாக ஒரு ஜன்னல் உள்ள அறைக்கு நான்கு பக்கமும் பழுப்படிப்பது பகலில் மின்விளக்குக்கு வட்டி கட்டுவதுதான். ஆசைக்கு ஒரு சுவர் போதும், அதுவும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவராக இல்லாமல்.

செங்கல் ஸ்டிக்கர்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. லயத்துச் சுவரிலும் காகிதம் ஒட்டினோம். பழைய பத்திரிகை, சினிமாப் படம், கலண்டர் முருகன். அது ஏழையின் வோல்பேப்பர். காகிதம் தாவர நார். ஈரமான இரவில் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொண்டு, வெயில் பட்டதும் திருப்பிவிடும். இன்றைய ஸ்டிக்கர் பிளாஸ்டிக் நுரை. தண்ணீர் ஊடுருவாது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர் மண் மேட்டுக்கு அருகில் நிற்கும். நிலத்து ஈரம் சிமெந்துக் கல்லின் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். ஏறிய நீர் சுவரின் முகத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தவரை ஒரு சமநிலை இருந்தது. முகத்தில் பிளாஸ்டிக்கை ஒட்டியதும் நீர் உள்ளேயே நிற்கிறது. பூஞ்சணத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் பல நாள்கள் 80 வீதத்துக்கு மேல் நின்றால் போதும், வித்து முளைத்துவிடும். சித்தி வீட்டு ஸ்டிக்கரின் ஒரு மூலையை உரித்துப் பார்த்தோம். பின்னால் உலக வரைபடம்போல் கறுப்புத் தீவுகள். அந்த வாசனையைத்தான் அவர் ஒரு வருடமாக "என்னமோ எலி செத்த வாடை" என்று தேடிக்கொண்டிருந்தார். இழுப்பு உள்ள பிள்ளைகள் படுக்கிற அறையில் இது விளையாட்டல்ல.

சுண்ணாம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு லயங்களுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் வளராது. அதன் நுண்துளைகள் நீராவியை விடும். ஒளியையும் நன்றாகத் திருப்பும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து மெல்ல மெல்ல அந்தக் காரம் குறைந்துவிடும், அதனால்தான் அடிக்கடி பூச வேண்டியிருந்தது. கையில் ஒட்டும், உடுப்பில் படும் என்பதும் உண்மை. ஆனால் பின்சுவருக்கும் சமையலறைக்கும் இதைவிடப் பொருத்தமான பூச்சை நான் அறியேன். ஐரோப்பாவில் இப்போது இதையே மோஸ்தர் என்று சொல்லி விற்கிறார்கள்.

பென்ட்ரி கபட் பற்றி ஒன்றே ஒன்று. மரநாரை யூரியா–போமல்டிகைட் பிசினால் அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதும், ஊதினால் பழையபடி சுருங்காது. அதன் பிசினும் ஈரத்தில் மெல்லச் சிதைந்து வாயுவை விடும். மேலே ஒட்டிய மெலமைன் தாள் காப்பாற்றும் என்பார்கள். வெட்டிய விளிம்பும் ஆணித்துளையும் தாளில்லாமல்தான் இருக்கின்றன. அலுமினியச் சட்டத்தில் செய்வது இந்த ஊருக்குப் புத்தி. எதில் செய்தாலும், அலுமாரியானாலும் கபட்டானாலும், வெளிச்சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். பின்னால் காற்று ஓடட்டும்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பதும் இப்போது ஒரு பைத்தியம். காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை நாசாவுக்காக 1989இல் செய்த ஆய்விலிருந்து வந்தது. அது காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸும் வேரிங்கும் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கண்டார்கள். அத்தனை செடியை வைத்தால் நாம் இஸ்தோப்பில்தான் படுக்க வேண்டும். அழகுக்கு இரண்டு தொட்டி வையுங்கள், ஜன்னலைத் திறவுங்கள்.

ஜன்னல் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூடுபனியை உள்ளுக்கு விட்டா ஈரம் கூடாதா?" நியாயமான கேள்வி, விடைதான் எதிர்பாராதது. 14 பாகையில் முழுக்க நனைந்த மூடுபனிக் காற்றில்கூட ஒரு கன மீற்றருக்கு 12 கிராம் நீராவிதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளைப் புகையின் நுண்துளிகள் பெரும்பாலும் அரைக் கிராமைத் தாண்டுவதில்லை. அந்தக் காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதன் 70 வீதத்துக்கு இறங்கிவிடும். உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்றைவிட அது உலர்ந்தது. ஆகவே சமைத்து முடித்த கையோடும், காலையில் எழுந்தவுடனும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால், பனியே வந்தாலும் வீடு காயும். இது வீடு வெளியைவிடச் சூடாக இருக்கும்போது மட்டுமே செல்லும். ஆடி மாதத்தில் உள்ளும் வெளியும் ஒரே 17 பாகையாக, மூன்று நாள் மழை விடாமல் பெய்யும்போது ஜன்னல் உதவாது. அப்போது கொஞ்சம் சூடு வேண்டும், நல்ல புகைபோக்கி வைத்த விறகடுப்பு வீட்டுக்குள் திரும்பி வந்தால் நான் சந்தோஷப்படுவேன். புகைபோக்கி இல்லாத அடுப்பு வேண்டாம்.

தீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுவர் கூரையைத் தொடாத லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ, கூரைவெளி வழியாக வரிசை முழுவதும் ஓடிவிடும். இன்னும் லயத்திலேயே இருந்துகொண்டு சீலிங் அடிக்கிறவர்கள், அதன் மேல் மறைந்து போகும் மின்கம்பிகளை ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அடியுங்கள். பெனலுக்குப் பதில் மலிவான ரெஜிபோம் தகடு வேண்டவே வேண்டாம். அது உருகி, எரியும் சொட்டாக விழும்.

சித்தி வீட்டில் அந்த வாரமே இறவாணத்தைத் திறந்து கம்பிவலை அடித்தோம். ஸ்டிக்கரை முழுதாக உரித்து, சுவரை ஒரு மாதம் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினார்கள். மகனுக்கு வருத்தம்தான். அடுத்த தையில் போனபோது சொட்டு விழவில்லை. பின்சுவரின் அடியில் மட்டும் ஈரக்கோடு இன்னும் இருந்தது. அது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடக் கான் வெட்டினால்தான் போகும், உள்ளே எதைப் பூசினாலும் போகாது.

உங்கள் சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஓரடிச் சதுரமாக ஒரு பொலித்தீன் துண்டை வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் பொலித்தீனின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளியே கானையும் மண்மேட்டையும் பாருங்கள். முன்பக்கம் நனைந்திருந்தால் அது உங்கள் மூச்சும் சமையலும், ஜன்னலைப் பாருங்கள். பெயின்ற் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.